சிவப்பு முத்திரை ஜூடோகி: வெள்ளையும் நீலமும் ஜோடியாக வாங்குவதற்கு முன்

ஜூடோ உடையான இந்த ஜூடோகியில் மேலங்கிக்கு முழு மார்க். பேன்ட்டுக்குப் பாதிதான். அளவு அட்டவணையை நம்பி வாங்கினால் அதுவும் கிடையாது.

சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளில் மேலங்கி, பேன்ட், பெல்ட் மூன்றிலும் அதன் அங்கீகார அடையாளமான சிவப்பு முத்திரை தைத்திருக்க வேண்டும். 2015க்கு முன் வந்த நீல முத்திரை உடைகள் அங்கே செல்லாது. பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் கண்டால் பயிற்சிக்கு மட்டும் எடுங்கள். வெள்ளை, நீலம் இரண்டுமே தேவை. முதலில் பெயர் அழைக்கப்படுபவருக்கு வெள்ளை, அடுத்தவருக்கு நீலம். எது வரும் என்பது நம் கையில் இல்லை.

அந்த நீலத்துக்குக் காரணம் ஒரு டச்சுக்காரர். 1964 டோக்கியோவில் அகியோ காமினாகாவை அமுக்கித் தங்கம் வாங்கிய ஆன்டன் கேசிங்க், இருவரும் வெள்ளையில் நின்றால் பார்ப்பவருக்குக் குழப்பம் என்று நீல உடைக்காக வருஷக்கணக்கில் வாதாடினார். ஜப்பான் கடைசி வரை முறுக்கிக்கொண்டது. 1997 பாரிஸ் மாநாட்டில் நீலம் நிறைவேறியது. 1986இல் சொந்த நாட்டு மாஸ்ட்ரிக்டில் டச்சு வீராங்கனை ஐரீன் டி காக் 72 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்றபோது இருவருமே வெள்ளைதான். இன்னொரு டச்சு வீராங்கனை எடித் பொஸ்ஸின் பெரிய ஆட்டங்கள் எல்லாம் இரு நிறக் காலத்தவை: 70 கிலோ பிரிவில் 2004 ஏதென்ஸ் இறுதியில் மசாயே உயேனோவிடம் தோற்று வெள்ளி, 2005 கெய்ரோவில் உலகப் பட்டம், 2008 பெய்ஜிங்கிலும் 2012 லண்டனிலும் வெண்கலம். பெய்ஜிங் காலிறுதியில் அமெரிக்காவின் ரோண்டா ரௌசியை அவர் வென்ற ஆட்டத்தை இந்த விமர்சனத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். எறிதல் எப்போதாவதுதான் வருகிறது. மற்ற நேரமெல்லாம் சட்டைக் கைக்கும் கழுத்துப்பட்டைக்கும் சண்டை. உடையின் தரம் தெரிவது அங்கேதான்.

துணி சதுர மீட்டருக்கு 650 முதல் 750 கிராம். தோள், மார்புப் பகுதியில் அரிசி மணி போலத் தெரியும் தடித்த நெசவு. இடுப்புக்குக் கீழே சாய்சதுரத் தையல் போட்ட மெல்லிய துணி. மேல் பாகத்தை முஷ்டியில் கசக்கி விட்டால் உடனே விரிய வேண்டும். மடிப்பு அப்படியே நின்றால் எதிராளிக்குப் பிடி சுலபமாகக் கிடைக்கும். கழுத்துப்பட்டை 1 செ.மீ.க்கு மேல் தடிக்கக் கூடாது என்று விதி. ஏன் என்றால், பலகை மாதிரி விறைத்த பட்டையை விரல் சுற்றிப் பிடிக்க முடியாது. அது உடுத்தியவருக்கு அநியாய லாபம்.

அளவுக்கு வருவோம், பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். அட்டவணை உயரத்தை வைத்து 5 செ.மீ. இடைவெளியில் ஓடுகிறது: 165, 170, 175. கை நீளம் அதில் கணக்கில்லை. நடுவர்களோ கையைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு கையையும் முன்னால் நேராக நீட்டினால் துணி மணிக்கட்டைத் தொட வேண்டும். கைக்கும் துணிக்கும் நடுவே 10 முதல் 15 செ.மீ. இடைவெளி வேண்டும். சொகுதெய்கி என்ற அளவுகோலால் அளப்பார்கள். பருத்தி, அதனால் சுருங்கும். கழுத்துத் தையலிலிருந்து மணிக்கட்டு வரை 75 செ.மீ. இருந்து, 4 சதவீதம் சுருங்கினால் 3 செ.மீ. போச்சு. கடையில் கச்சிதமாக இருந்த சட்டை இரண்டாவது துவைப்பில் நிராகரிக்கப்படுவது இப்படித்தான். ஆகவே கடையில் போட்டுப் பார்க்கும்போது சட்டைக் கை மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கைத் தொடக்கம் வரை வரட்டும்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மார்புக்குக் கீழே இரு பக்கத் துணியும் குறைந்தது 20 செ.மீ. ஒன்றன் மேல் ஒன்று விழ வேண்டும், இடப்பக்கம் மேலே. இடுப்பளவுக்குப் பொருந்த ஒல்லி வெட்டு வாங்கினால் இந்த 20 கிடைக்காது. உயரமும் அகன்ற தோளும் உள்ள 70 கிலோ பெண்ணுக்கு சாதாரண வெட்டே சரி. இடுப்பில் மிஞ்சும் துணியை பெல்ட் பார்த்துக்கொள்ளும். பெல்ட்டின் முடிச்சிலிருந்து இரு முனையும் 20 முதல் 30 செ.மீ. தொங்க வேண்டும்.

பேன்ட்டைப் பாராட்ட மனசு வரவில்லை. முழங்காலில் இரட்டைத் துணி இருந்தாலும் ஓரத் தையல்தான் முதலில் விடும். கணுக்கால் எலும்புக்கு மேல் 5 செ.மீ. வரைதான் ஏறலாம், நாடா துவைக்கும்போது உள்ளே ஓடிவிடும், இரு முனையிலும் முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

நீலம் முதல் சில துவைப்பில் சாயம் விடும். பெண்கள் உள்ளே போடும் வட்டக் கழுத்து டி-ஷர்ட் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதால் வியர்வையிலேயே அதில் நீலம் ஏறும். தனியாக, உட்புறத்தை வெளியே திருப்பி, 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். டிரையர் கூடவே கூடாது. வெள்ளைக்கு பிளீச் போட்டால் நூல் நைந்து, கக்கத்தில் கிழியும்.

பெயரும் நாட்டுக் குறியீடும் உள்ள முதுகுத் துணியை கழுத்துப்பட்டைக்கு 3 செ.மீ. கீழே, நடுவில் தைக்க வேண்டும். கடையிலேயே தைத்துத் தருகிறோம் என்பார்கள். இரண்டு துவைப்பு முடியும் வரை விடாதீர்கள். முன்னாலேயே தைத்தால் சட்டை சுருங்கும், பெயர்த்துணி சுருங்காது. முதுகில் அப்பளம் மாதிரி உப்பி நிற்கும்.