இராயக்கோட்டையா, கிருஷ்ணகிரி மலையா?

படைவீரர்கள் குடியிருந்து, இன்று ஆளரவமற்றுக் கிடக்கும் மலைக்கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இராயக்கோட்டை. கிருஷ்ணகிரி மலை அடுத்துத்தான். இரண்டும் பாராமகால் என்று முன்பு அழைக்கப்பட்ட கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதிக் கோட்டைகள். ஆனால், இறங்கும் வழியை வைத்துத்தான் மலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சையத் பாஷா மலை என்று ஊரார் சொல்லும் கிருஷ்ணகிரி மலை நல்ல செங்குத்து. திப்பு சுல்தானோடு நடந்த போரில், 1791 நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை அடிவாரப் பேட்டைக்குள் புகுந்தும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. பாதிப் படியில் மூச்சு வாங்க நிற்கும்போது அதன் காரணம் விளங்கும். தேய்ந்த படிகளின் வழவழப்பு ஏறும்போது தெரியாது. இறங்கும்போது முழங்கால் சொல்லிவிடும். நிழலும் குறைவு. விடிந்ததும் ஏறி, பாறை சூடேறுவதற்குள் இறங்கிவிட முடியும் என்றால் மட்டும் பெரியவர்களை அழைத்துச் செல்லுங்கள்.

இராயக்கோட்டையை அதே ஆண்டு ஜூலையில் ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். இங்கே மதில்களும் வாசல்களும் ஏற்றத்தை இடையிடையே முறித்துக் கொடுக்கின்றன. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். மேலே கூரையிழந்த கட்டடங்களையும் சுனைகளையும் பார்க்கும்போது, இங்கே அடுப்பு எரிந்திருக்கும், குதிரை கனைத்திருக்கும் என்று மனம் கனத்துப்போகும்.

அதற்காக அசட்டையாக இருக்கக் கூடாது. ஒருமுறை மழைக்கு மறுநாள் போனோம். மதில் நிழலில் பாசி கறுப்பாகக் காய்ந்ததுபோல் இருந்தது. அக்காள் மகன் கால் வைத்ததும் அது தோலாக உரிந்து வழுக்கியது. உள்ளங்கை சிராய்ப்போடு தப்பினான். அதிலிருந்து, மழை விட்டு இரண்டு நாள் வெயில் காயாமல் நான் ஏறுவதில்லை. ரப்பர் செருப்போடு வருபவரை அடிவாரத்திலேயே நிறுத்திவிடுகிறேன்.

மலையைவிட, அங்கே போய்ச் சேரும் சாலையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஏறுவதற்கு இதமான டிசம்பர், ஜனவரியில்தான் இராகி விளைச்சலைத் தேடிக் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் வந்து சானமாவு காட்டில் தங்குகின்றன. ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்கு வரும் சாலை அந்தப் பக்கமாகத்தான் வருகிறது. இருட்டில் பைக்கில் கிளம்பாதீர்கள். தர்மபுரிக்காரர்களுக்குப் பாலக்கோடு வழி இருக்கிறது. ரயிலும் இராயக்கோட்டையில் நிற்கிறது. கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது, பஸ்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மேலகிரி மலைக் காட்டுக்குள் கைவிடப்பட்ட குடியிருப்புகளைத் தேடிப் போகலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் வேண்டவே வேண்டாம். அங்கே பெரும்பகுதி, 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களும் மலை பார்க்கப் போனவர்கள்தான். காடுதான் வேண்டும் என்றால், வனத்துறையே வழிகாட்டியோடு அழைத்துச் செல்லும் மலையேற்றத்துக்குப் பதிவு செய்யுங்கள்.