அவசர அழைப்பு மையப் பயிற்சிக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

"சர்வதேச அங்கீகாரம், வாழ்நாள் முழுக்கச் செல்லும் சான்றிதழ், முடித்ததும் வேலை" என்று விளம்பரம் செய்யும் ஓர் ஆன்லைன் நிறுவனத்தில், அவசர அழைப்புகளை எடுப்பவர்களுக்கான கோர்ஸை முடித்தேன். சான்றிதழும் வந்தது, தங்க முத்திரை எல்லாம் போட்டு. அதை எடுத்துக்கொண்டு ஒரு அவசர உதவி மையத்துக்கு வேலைக்குப் போனபோதுதான் அது வெறும் காகிதம் என்று தெரிந்தது.

அங்கே தேர்வாக ஒரு மாதிரி அழைப்பு கொடுத்தார்கள். அப்பா விழுந்துவிட்டார் என்று ஒருவர் கத்துகிறார். கோர்ஸில் சொல்லிக்கொடுத்த வரிசை என்ன? வணக்கம், பெயர், வயது, பிரச்சினை, கடைசியில் முகவரி. சூப்பர்வைசர் பாதியிலேயே நிறுத்தினார். முகவரிதான் முதல் கேள்வி, அதையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும், அடுத்தது திரும்பக் கூப்பிட ஒரு நம்பர். லைன் கட் ஆனாலும் வண்டியாவது போய்ச் சேருமே! அப்புறம் நினைவு இருக்கிறதா, மூச்சு இயல்பாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்த 'இயல்பாக' முக்கியம். இதயம் நின்றுபோனவர்களில் சிலர் சற்று நேரம் குறட்டை மாதிரி, திணறுகிற மாதிரி ஒரு சத்தம் விடுவார்கள், கூட இருப்பவர் அதைக் கேட்டுவிட்டு "மூச்சு இருக்கு" என்றுதான் சொல்வார், அது மூச்சில்லை என்று போனில் இருப்பவர் கண்டுபிடித்து உடனே நெஞ்சை அழுத்தச் சொல்ல வேண்டும், பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம். நான் பணம் கட்டிப் பார்த்த வீடியோக்களில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. "புன்னகையோடு பேசுங்கள், குரலில் அது தெரியும்" என்பது மட்டும் மூன்று இடத்தில் வந்தது. ஏதோ கஸ்டமர் கேர் பாடத்தின் மேல் ஆம்புலன்ஸ் படத்தை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, கோர்ஸில் "சமயோசிதமாகக் கேள்வி கேளுங்கள்" என்றார்கள். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் டாக்டர் ஜெஃப் கிளாசன் கேள்விகளை அட்டைகளில் எழுதிக் கொடுத்ததே, அழைப்பு எடுப்பவர் ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான். இன்றைக்குப் பல நாடுகளில் பயன்படும் புரோட்டோகால், அதாவது எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று எழுதிவைத்த வழிமுறை, அதிலிருந்து வளர்ந்தது. அதை நடத்தும் சர்வதேச அகாடமியின் மருத்துவ அழைப்புச் சான்றிதழுக்கு மூன்று நாள் வகுப்பு, சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி) சான்றிதழ், பிறகு பரீட்சை. அதையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, தொடர்கல்வி மணிநேரங்களைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 'வாழ்நாள் சான்றிதழ்' என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். என் கோர்ஸில் பரீட்சை என்ற பெயரில் நடந்தது என்னவென்றால், தப்பான பதிலை அழுத்தினால் சரியான பதிலைக் காட்டிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்கும். இதில் ஃபெயில் ஆகத் தனித் திறமை வேண்டும்.

சரி, நல்ல சான்றிதழே வைத்திருந்தாலும் முதல் நாளே தனியாக உட்கார விடமாட்டார்களாம். சீனியர் ஒருவர் பக்கத்தில் இரண்டாவது ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டே இருப்பார், தேவைப்பட்டால் குறுக்கே புகுந்து பேசுவார். மையத்துக்கு மையம் புரோட்டோகாலும் மாறும், ஒன்றில் வாங்கிய சான்றிதழை வைத்து இன்னொன்றில் உட்கார முடியாமல் போகலாம். அதனால் முதலில் நீங்கள் சேர நினைக்கும் மையத்துக்கே போன் போட்டு, எந்தச் சான்றிதழை ஏற்கிறீர்கள், இல்லை, வேலைக்கு எடுத்தபின் நீங்களே பயிற்சி கொடுப்பீர்களா என்று கேளுங்கள். பல இடங்களில் அவர்களே கொடுக்கிறார்கள், கைக்காசு போட வேண்டியதே இல்லை. அப்படியும் வெளியே படிக்கத்தான் வேண்டும் என்றால், பாடம் எடுப்பவர் எந்த மையத்தில் அழைப்பு எடுத்தவர், மாதிரி அழைப்புகள் உண்டா, சான்றிதழ் எண்ணை யாரிடம் சரிபார்க்கலாம் என்று கேளுங்கள். எனக்குப் பாடம் எடுத்தவர் முகத்தைக்கூடக் காட்டவில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். "சான்றிதழ் வழங்கப்பட்டுவிட்டது, எனவே சேவை முடிந்தது" என்று ஒரு மெயில், அதோடு சரி. அவர்கள் கொடுத்த நம்பருக்கு எப்போது அடித்தாலும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. போன் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் நிறுவனம்! இப்போது வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், அவர்கள் விளம்பரத்தின் நகல் கேட்கிறார்கள், ஆனால் 'சர்வதேச அங்கீகாரம்' என்ற வரி நான் சண்டை போட்ட பிறகு அந்தப் பக்கத்தில் காணவில்லை. பழைய ஸ்கிரீன்ஷாட் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துவிடுகிறேன்.