பேஜ்மேக்கருக்காக ஒரு விண்டோஸ் 7: ஆறு வருஷ அனுபவம்

கோபிசெட்டிபாளையத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேகம், மாரியம்மன் பூச்சாட்டு நோட்டீஸ் இவைதான் வேலை. நடுநடுவே ஜெராக்ஸ், ஆதார் பிரிண்ட். கடையில் 2011-ல் வாங்கிய கணினி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டூயல் கோர், 2 ஜிபி ராம், 32 பிட் விண்டோஸ் 7. இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்று சொல்லாதவர்கள் இல்லை. போட முடியாததற்குக் காரணம் இருக்கிறது.

பத்திரிகை எல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. அது 2001-ல் வந்த பதிப்பு, அதற்குப் பிறகு அடோபி புதுப் பதிப்பே விடவில்லை. எழுத்துகள் பாமினியிலும் (ஆங்கில எழுத்துச் சாவிகளையே தமிழாகக் காட்டும் பழைய எழுத்துரு) அந்தக் காலத்து வேறு சில எழுத்துருக்களிலும் இருக்கின்றன. எங்கள் பக்கம் பெரிய பெண்ணுக்குப் பத்திரிகை அடித்த வீடுதான் சின்னப் பெண்ணுக்கும் வரும். "தம்பி, போன தடவை அடிச்சதையே எடுத்து மாப்பிள்ளை பேரை மட்டும் மாத்திக் குடுங்க" என்பார்கள். தாய்மாமன் பெயர் எங்கே, பெரியப்பா பெயர் எங்கே என்ற வரிசையெல்லாம் பழைய கோப்பில் அப்படியே இருக்கும். அந்த வரிசை ஒன்று மாறினாலும் மண்டபத்தில் மனஸ்தாபம் வந்துவிடும். லிப்ரேஆஃபீஸ் ட்ரா என்ற இலவச மென்பொருளில் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்து பார்த்தேன். திறக்கிறது, ஆனால் என் பக்கங்களில் வரிகள் இடம் மாறிவிடுகின்றன. ஆகவே பழசு வேண்டும்.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-ம் தேதியோடு முடிந்தது. காசு கட்டிய நிறுவனங்களுக்கு மட்டும் 2023 ஜனவரி வரை பாதுகாப்பு அப்டேட் கொடுத்தார்கள். என்னைப் போன்ற கடைக்காரனுக்கு 2020-க்குப் பிறகு எந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அது ஓட்டையாகவே இருக்கும்.

எனக்குப் பாடம் கிடைத்தது அதற்கும் முன்பே. 2019 வைகாசி, முகூர்த்த நெருக்கடி. ஒரு வாடிக்கையாளர் வேறெங்கோ பார்த்த எழுத்துதான் வேண்டும் என்று நின்றார். கடையில் வேலை பார்க்கும் பெண் இணையத்தில் தேடியிருக்கிறாள். பெரிய பச்சை பட்டன், 'இலவச டவுன்லோட்'. அமுக்கியதும் வந்தது எழுத்துரு இல்லை, எக்ஸ்இ கோப்பு, அதாவது திறந்தால் ஓடும் நிரல். அவசரத்தில் அதை இரட்டைக் கிளிக் செய்தாயிற்று.

"ஏனுங்ணா, பிரவுசர் தொறந்தா வேற என்னமோ வருதுங்ணா" என்றாள். முகப்புப் பக்கம் மாறியிருந்தது, மேலே புதுசாக ஒரு டூல்பார். இப்படி ஒட்டிக்கொண்டதை நீக்கும் ஆட்வ்கிளீனரை ஓட்டினேன், டூல்பார் போயிற்று. மால்வேர்பைட்ஸ் ஒரு தடவை. அதுவும் சிலதைப் பிடித்துக் கொடுத்தது. சரி, முடிந்தது என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து என் மின்னஞ்சலில் யாரோ நுழைந்ததாக ஃபோனுக்கு எச்சரிக்கை வந்தது. முதலில் கைபேசியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றினேன். கணினியில் உட்கார்ந்து மாற்றியிருந்தால் புதுப் பாஸ்வேர்டும் அவனுக்கே போயிருக்கும். இதை யாரும் மறக்க வேண்டாம். அப்புறம் ஆட்டோரன்ஸ் என்ற கருவியைப் போட்டேன். கணினி ஆன் ஆகும்போது தானாக எழும் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும், மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருவது. அதில் எஸ்விசிஹோஸ்ட் என்று ஒரு வரி. பெயரைப் பார்த்தால் விண்டோஸின் சொந்தக் கோப்புதான். ஆனால் உண்மையான எஸ்விசிஹோஸ்ட் இருக்க வேண்டிய இடம் சிஸ்டம்32 ஃபோல்டர். இது ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது.

பக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் கோப்பு. நோட்பேடில் திறந்தேன். முழுக்க ஆங்கில எழுத்துக் கிறுக்கல். ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு ஒரு இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தொடர்ச்சியாக வந்தது. பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க விரல் அமுக்கும் சாவிகள் அவை. நோட்பேடின் எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றினேன். 'நிகழும் மங்களகரமான விகாரி வருடம் வைகாசி மாதம்' என்று திரை முழுக்கத் தமிழ் எழுந்து நின்றது. மூன்று வாரமாக நாங்கள் அடித்த ஒவ்வொரு பத்திரிகையும் அதில் இருந்தது. அடித்து அழித்த எழுத்துப்பிழைகளும் இருந்தன. நடுவே ஒரு வரி மட்டும் தமிழில் படிக்க முடியாத குழப்பமாகத் தெரிந்தது. எழுத்துருவைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றினால், அது என் மின்னஞ்சல் பாஸ்வேர்ட், பளிச்சென்று. இலக்கங்கள் பாமினியிலும் இலக்கங்கள்தான் என்பதால் வாடிக்கையாளர்களின் செல் நம்பர்கள் எந்த எழுத்துருவிலும் தெளிவாகத் தெரிந்தன.

அமுக்கும் சாவியை எல்லாம் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் உளவு மென்பொருள், அதுதான் கீலாக்கர். என் பணம் எதுவும் போகவில்லை. ஆனால் டவுன்லோட் ஃபோல்டரில் ஜனங்கள் பிரிண்ட் எடுக்கக் கொடுத்த ஆதார் பிடிஎஃப் கோப்புகள் குவிந்து கிடந்தன. இ-ஆதாருக்குப் பாஸ்வேர்ட் என்ன? பெயரின் முதல் நாலு எழுத்து, பிறந்த வருஷம். பெயரும் வயசும் தெரிந்தவன் யாரும் திறக்கலாம். நம்பிக் கொடுத்த காகிதத்தை நான் அப்படிப் போட்டு வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது.

கணினியை முழுக்க அழித்து முதலிலிருந்து விண்டோஸ் போட்டேன். 2020 ஜனவரியில் ஆதரவு நின்றதும் இப்போது இருக்கும் ஏற்பாட்டுக்கு வந்தேன். உளவு மென்பொருளுக்கு இரண்டு வழி வேண்டும். உள்ளே வர ஒன்று, எடுத்ததை வெளியே அனுப்ப ஒன்று. பழைய கணினியில் உள்ளே வரும் வழிகளை எல்லாம் அடைக்க என்னால் ஆகாது. வெளியே போகும் வழியை அடைக்க ஒரு கேபிளைப் பிடுங்கினால் போதும். பிடுங்கிவிட்டேன். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டையும் முடக்கினேன், யாராவது மறந்துபோய்க் கேபிளைச் செருகினாலும் ஓடாது. ஆறு வருஷமாக அந்தக் கணினி இணையத்தைப் பார்க்கவில்லை.

இணைய வேலைக்குப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன், 4 ஜிபி ராம். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விலை இல்லை, அப்டேட் ஒழுங்காக வருகிறது. வாட்ஸப் வெப், மின்னஞ்சல், ஆதார் பிரிண்ட் எல்லாம் அதில்தான். கடையின் பெண்ணுக்குப் பழக இரண்டு நாள் ஆயிற்று, அவ்வளவுதான். சாயங்காலம் கடை சாத்தும்போது அதிலுள்ள டவுன்லோட் ஃபோல்டரைக் காலி செய்வது அவள் பொறுப்பு. முடிந்தவர்களுக்கு, முதல் 8 இலக்கம் மறைத்த ஆதாரையே எடுத்துக் கொடுக்கிறோம்.

இனி பென்டிரைவ். இந்த ஏற்பாட்டில் என் முழுக் கவனமும் இதில்தான். "என்ற பேத்தி போட்டோ இதுல இருக்குதுங்க தம்பி" என்று ஒரு பெரியவர் பென்டிரைவை நீட்டுவார். ஏற்கனவே எத்தனை கடை ஏறி இறங்கி வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்! இங்கே அதிகம் பார்ப்பது ஷார்ட்கட் வைரஸ். உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைத்திருக்கும். அதைத் திறந்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். ஆகவே வெளி பென்டிரைவ் எதுவும் முதலில் மின்ட் லேப்டாப்பில்தான் செருகப்படும். விண்டோஸ் ஷார்ட்கட் அங்கே ஓடாது. மறைத்து வைத்த ஃபோல்டரும் பெரும்பாலும் சாதாரணமாகவே கண்ணுக்குத் தெரியும். போட்டோவை மட்டும் எடுக்கிறோம். வேர்டு கோப்பாக வந்தால் அங்கேயே திறந்து வெறும் டெக்ஸ்டாக மாற்றிக்கொள்கிறோம், கோப்புக்குள் ஒளிந்திருக்கும் மேக்ரோ நிரல் எதுவும் கூட வராது.

எடுத்ததை விண்டோஸ் 7-க்குக் கொண்டுபோக மஞ்சள் கயிறு கட்டிய பென்டிரைவ் ஒன்று இருக்கிறது. அது கடையை விட்டு வெளியே போகாது, வேறு கணினி எதிலும் ஏறாது. வேலை முடிந்ததும் பிடிஎஃப் அதே கயிற்றுப் பென்டிரைவில் மின்ட்டுக்கு வரும், அங்கிருந்து பிரஸ்ஸுக்கு மெயிலில் போகும். முகூர்த்த நெருக்கடியில் இந்த நடை எரிச்சலாகத்தான் இருக்கும். ஒரு பத்திரிகைக்கு அஞ்சாறு தடவை புரூஃப் திருத்தினால் அஞ்சாறு தடவை எழுந்து நடக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் பெரிய குறை இதுதான்.

விண்டோஸ் 7-க்குள் செய்தவை மூன்று. பென்டிரைவ் செருகியதும் தானாகத் திறக்கும் ஆட்டோபிளேயை நிறுத்தினேன். கோப்பின் கடைசிப் பெயரை எப்போதும் காட்டு என்று வைத்தேன், இல்லையென்றால் 'ஜேபிஜி.எக்ஸ்இ' என்று முடியும் கோப்பு வெறும் படம் போலவே தெரியும். தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத சாதாரணக் கணக்கு. இதில்தான் பேஜ்மேக்கர் முரண்டு பிடித்தது, திறக்கும்போதே பிழை காட்டியது. அட்மினாகவே ஓட்டிவிடலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை. பேஜ்மேக்கர் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்தேன், சரியாயிற்று.

ஆன்டிவைரஸ் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். முதல் வருஷம் மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் வைத்து, அப்டேட்டைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தேன். 2 ஜிபி ராமில் அதையும் பேஜ்மேக்கரையும் சேர்த்து ஓட்டுவது கஷ்டம். 2021-ல் எடுத்துவிட்டேன். இணையம் இல்லாத கணினி என்பதால்தான் துணிந்தேன். இணையம் இருந்தால் எடுக்கவே கூடாது. அதேபோல இரண்டு ஆன்டிவைரஸை ஒன்றாகப் போடுவதும் தப்பு, ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக் கணினியை நிறுத்திவிடும்.

அதற்குப் பதில் ஆடி மாசம். ஆடியில் கல்யாணம் கிடையாது, கடை சும்மா இருக்கும். மின்ட் போட்ட பென்டிரைவிலிருந்து அந்தக் கணினியைத் தொடங்கி, கிளாம் ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸைக் கொண்டு வெளியிலிருந்தே ஹார்ட் டிஸ்கைச் சோதிக்கிறேன். விண்டோஸ் ஓடும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் உளவு மென்பொருள் உண்டு. விண்டோஸே தூங்கும்போது அதற்கு அந்த வித்தை பலிக்காது. அப்புறம் பத்திரிகைக் கோப்புகளைத் தனி டிஸ்கில் எடுத்துக்கொண்டு, சுத்தமாக விண்டோஸ் போட்ட அன்றே க்ளோன்சில்லா என்ற கருவியில் எடுத்து வைத்த இமேஜை (டிஸ்கின் முழு நகல்) திரும்ப இறக்கிவிடுவேன். வருஷத்துக்கு ஒரு தடவை கணினி பிறந்த நாளுக்கே திரும்பிவிடுகிறது. இடையில் என்ன ஒட்டியிருந்தாலும் போய்விடும், வேகமும் கூடுகிறது. ஆறு ஆடியில் ஒரு தடவை மட்டும் கிளாம் ஏவி ஒன்றைப் பிடித்தது. பழைய பேக்கப் சிடியிலிருந்து நானே ஏற்றிய எழுத்துரு நிறுவும் கோப்பு அது.

இணையம் இல்லாமல் முடியாது, பழைய விண்டோஸையும் விட முடியாது என்பவர்களுக்கு என் யோசனை வேறு. குரோம் விண்டோஸ் 7-ல் 109-ம் பதிப்போடு நின்றுவிட்டது, அதை வைத்துக்கொண்டு வங்கிப் பக்கம் போகாதீர்கள். வங்கி வேலையைக் கைபேசிக்கு மாற்றிவிடுங்கள். திரை முழுக்க 'வைரஸ் வந்துவிட்டது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்' என்று வந்தால் கூப்பிடாதீர்கள், மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் ஃபோன் நம்பர் போடுவதில்லை. பணமே போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள், தாமதம் கூடாது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்துவிட்டதால் பல அலுவலகங்கள் நான் 2020-ல் நின்ற இடத்தில் இப்போது நிற்கின்றன. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, பல பழைய பிராசசர்களை ஏற்பதில்லை. நல்ல நிலையில் உள்ள கணினியைக் குப்பையில் போடும் முன் ஒரு பென்டிரைவில் மின்ட் ஏற்றி, எதையும் அழிக்காமல் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். இணையத்தில் இருக்கும் கணினி என்றால் எல்லா வலைத்தளமும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும், ஜனங்கள் 'பரவாயில்லை, தொடர்' என்று அமுக்கிப் பழகிவிடுவார்கள். பிறகு உண்மையான எச்சரிக்கை வந்தாலும் அதையே அமுக்குவார்கள். சிஆர்2032 பேட்டரி என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

போன ஆடியில் இமேஜ் இறக்கும்போது ஹார்ட் டிஸ்கில் லேசாக 'டக்டக்' என்று சத்தம் கேட்டது. எஸ்எஸ்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தை முகூர்த்தம் முடிந்ததும் அதே இமேஜை அதில் இறக்கிப் பார்க்க வேண்டும்.