கோவில்பட்டியில் பச்சை நம்பர் பிளேட்டு

மூன்று வருஷம் கழித்து இந்தத் தடவைதான் ஊருக்குப் போக வாய்த்தது. சென்னையில் விமானம் மாறி தூத்துக்குடி வாகைக்குளத்தில் இறங்கினால், அத்தான் பச்சை நம்பர் பிளேட்டோடு ஒரு வெள்ளை டாடா டியாகோவில் காத்திருக்கிறார். பச்சை என்றால் எலெக்ட்ரிக் கார். பழைய டீசல் வண்டியை விற்று வருஷம் ஒன்றாகிறதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

"பெட்டியப் போட்டுட்டு ஏறுங்க மாப்ள. சத்தம் கேக்கலன்னு முழிக்காதீங்க, வண்டி ஸ்டார்ட்லதான் நிக்கி."

சிங்கப்பூரில் எனக்குக் கார் கிடையாது. பத்து வருஷம் கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டுக்கே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டி ஏலம் போன ஊர் அது. அதனால் எலெக்ட்ரிக் கார் என்றால் டாக்சியில் ஏறி இறங்கிய பழக்கம்தான். இங்கே தீப்பெட்டி ஏஜென்டான அத்தான் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் அதிலேயே போய் வருகிறார்.

2022 செப்டம்பரில் டியாகோ மின்கார் வந்தபோது ஆரம்ப விலை 8.49 லட்சம். அடுத்த வருஷம் எம்.ஜி. காமெட் 7.98 லட்சத்துக்கு வந்தது. மூன்று மீட்டர்கூட நீளம் இல்லாத, இரண்டே கதவுள்ள பெட்டி. கோவில்பட்டியில் அதற்கு ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டார்கள்: தீப்பெட்டி. வேறு எந்த ஊருக்கு அந்த உரிமை இருக்கிறது! தூத்துக்குடிப் பக்கம் சில்லாநத்தத்தில் வியட்நாம்காரர்களின் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலையும் 2025 ஆகஸ்டில் திறந்தாகிவிட்டது. ஆனால் அங்கே செய்கிற கார்கள் விற்பனைக்கு வந்தபோதே பதினாறு லட்சத்துக்கு மேல். "நம்ம ஊர்ல செய்றான், நமக்குச் செய்யலியே" என்பது அத்தானின் குறை.

வீட்டில் சார்ஜ் போடுகிற இடம் கொல்லைப்புறம், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக். அந்தப் பிளக்கின் கதையை அக்காதான் சொன்னாள். வண்டி வந்த அன்றைக்கு ராத்திரி ஒயரைச் சொருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு. கழற்றி மாட்டினாலும் சிவப்பு. வண்டியில் கோளாறு என்று அத்தான் குதித்திருக்கிறார். காலையில் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்கு, உங்க வீட்டுலதான் எர்த் இல்ல" என்றாராம். தாத்தா காலத்து வீடு. மிக்சியும் டிவியும் இத்தனை வருஷமாக எர்த் இல்லாமலேதான் ஓடியிருக்கின்றன. பிறகு முருங்கை மரத்தடியில் குழி வெட்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினார்கள். பச்சை விளக்கு வந்தது.

சிறிய சார்ஜர்தான், 3.3 கிலோவாட். காலி பேட்டரி நிறைய எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி சொருகினால் காலையில் தயார் என்பதால் அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாயைச் சுற்றித்தான் வருகிறதாம். டீசலுக்கு நாலரை கொடுத்தவர். ஆனால் கணக்கில் ஒரு முள் உண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழேயுள்ள யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் கட்டணம் கூடிவிடும். கார் வந்த பிறகு இவர்கள் வீடு ஒவ்வொரு பில்லிலும் 500ஐத் தாண்டுகிறது. ஏ.சி.யை யார் அணைப்பது என்று அக்காவுக்கும் அவருக்கும் நடக்கிற சண்டை அதனால்தான்.

என் வேண்டுதலுக்காகத் திருச்செந்தூர் கிளம்பினோம். விடிகாலை நாலு மணிக்கு நூறு சதவீதம். 24 யூனிட் பேட்டரிக்குக் கம்பெனி சொன்ன கணக்கு 315 கிலோமீட்டர். அத்தான் கணக்கு 200. அத்தான்தான் சரி. கோயில் வாசலில் நிறுத்தும்போது 52 சதவீதம் இருந்தது. உச்சி வெயிலில் ஏ.சி. போட்டுத் தூத்துக்குடிக்குள் நுழையும்போது 30. வீட்டுக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர்.

ஒரு ஓட்டல் வளாகத்தில் வேகச் சார்ஜர் இருப்பதாக செயலி காட்டியது. இருந்தது, திரையில் "கோளாறு" என்று இருந்தது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒரு பெண் இருபது நிமிஷம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கேட்டார். வேறு இடம் பார்க்கலாம் என்று என் போனில் இன்னொரு செயலியை இறக்கினால் ஓ.டி.பி. சிங்கப்பூர் எண்ணுக்கு வர மறுக்கிறது. இத்தனையையும் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து வந்து, மெஷினின் பக்கவாட்டிலிருந்த சிவப்புக் குமிழைத் திருகிவிட்டார். டக் என்று வெளியே வந்தது. திரையும் உயிர்பெற்றது.

"அவசரத்துக்கு நிறுத்துற பட்டன் சார். ஓட்டலுக்கு வர்ற பிள்ளைங்க அமுக்கி வெளாடும்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாய்யா?"

"நீங்க போன்ல பேசிட்டு இருந்தீங்க."

அரை மணிக்குச் சற்று மேல் ஆனது. 30 இருந்தது 72 ஆனது, வரியோடு 240 ரூபாய்ச் சொச்சம். அதே மின்சாரம் வீட்டில் நூறு ரூபாய்கூட ஆகாது. இந்த ஒரு வருஷத்தில் வெளியே சார்ஜ் போட்டது இது மூன்றாவது தடவை என்றார் அத்தான். இரண்டு தடவை விருந்தாளிக்காக. மூன்றாவது விருந்தாளி நான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சார்ஜர் இல்லை, செயலி சரியில்லை என்று நான் புலம்பியதெல்லாம் வந்துபோகிறவனின் புலம்பல். சொந்தக் கொல்லையும் தினம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டமும் உள்ளவருக்கு அந்தக் குறைகள் கண்ணில் படுவதே இல்லை. இதே காரை மதுரையில் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருக்கும் என் நண்பன் வாங்கினால், ஒயரை எங்கிருந்து தொங்கவிடுவான்? ஊரில் யாராவது என்னிடம் வாங்கலாமா என்று கேட்டால், விலையைப் பேசுவதற்கு முன்னால் வண்டி எங்கே நிற்கும் என்றுதான் கேட்பேன்.

வீடு சேரும்போது 40 இருந்தது. சொருகப் போன அத்தானை அக்கா தடுத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரோடு முருங்கை மரத்தடிக்குப் போனாள். கரிசல் மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிடும். வாரத்துக்கு ஒரு வாளி ஊற்றாவிட்டால் எர்த் பிடிக்காது, மறுபடி சிவப்பு விளக்குதான்.

"மரத்துக்கு ஊத்துனேனோ இல்லியோ, இவரு காருக்கு ஊத்துறேன்" என்றாள்.