வெள்ளிக்கிழமை நேரலையில் ஆட்களைப் பேச வைத்தது

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அடுப்படியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் யூடியூபில் நேரலை போடுகிறேன். பலகாரம்தான். ஒரு மணி நேரம். இப்போது நான்காவது வருடம் ஓடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "பார்க்கிறாங்க, ஆனா வாயே திறக்க மாட்டேங்கிறாங்க ஆச்சி, என்ன பண்றது?"

எனக்கும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் போனது. "எல்லாரும் எப்படி இருக்கீங்க, கமெண்ட் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். முப்பது பேர் பார்ப்பதாகக் காட்டும். இரண்டு வணக்கம், ஒரு பூப்படம், அவ்வளவுதான்.

வெள்ளைப் பணியாரம் செய்த அன்றுதான் அது மாறியது. எங்கள் வீட்டு அளவு இது: ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் கொட்ட வேண்டும். சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் உளுந்தின் அளவு. அந்த ஆழாக்கைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுல உளுந்து இவ்வளவுதானா, கூடவா, குறைச்சலா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அப்புறம் பாருங்கள், மளமளவென்று வந்தது. "எங்க ஆத்தா கோபுரத்தைக் கையால வழிச்சு விட்டுருவாங்க." "தேவகோட்டையில நாங்க இன்னும் ரெண்டு ஸ்பூன் போடுவோம்." "அரைச்ச மாவுல பால் ஊத்துவீங்களா?" பள்ளத்தூர்க்காரர் ஒருவரும் பினாங்கிலிருந்து ஒருவரும் பால் விஷயத்தில் கால் மணி நேரம் விவாதித்தார்கள். நான் இடையில் புகவே இல்லை.

அன்றைக்குப் புரிந்ததுதான் இன்றுவரை நான் பிடித்துக்கொண்டிருப்பது. பொதுவாகக் கேட்டால் யாருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. அவரவர் வீட்டு அடுப்படியில் பதில் இருக்கிற கேள்வியாகக் கேட்க வேண்டும், கையிலிருக்கும் பொருளைக் காட்டிக் கேட்க வேண்டும்.

அடுத்தது தாமதம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாம் பேசுவது பார்ப்பவரிடம் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும். அவர் யோசித்து, தட்டச்சு செய்து அனுப்ப இன்னும் நேரம் ஆகும். நான் கேள்வி கேட்டு, ஐந்து நொடி பார்த்துவிட்டு, "சரி, அடுத்ததுக்குப் போவோம்" என்று நகர்ந்துவிடுவேன். பதில் வரும்போது நான் வேறு பேச்சில் இருப்பேன். பதில் சொன்னவர் மறுபடி சொல்ல மாட்டார். லேப்டாப்பில் ஓபிஎஸ் (OBS) என்ற நேரலை மென்பொருளை வைத்துப் போடத் தொடங்கியபின் தாமதத்தை நானே தேர்ந்தெடுக்கிறேன். யூடியூபில் சாதாரணம், குறைவு, மிகக் குறைவு என்று மூன்று நிலை உண்டு. மிகக் குறைவு வைத்தால் பதில் சட்டென்று வரும், ஆனால் இணையம் மெதுவாக இருக்கிறவர்களுக்குப் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். கிராமத்தில் செல்போனில் பார்க்கிறவர்கள் எனக்கு அதிகம். அதனால் நடுவிலிருக்கும் "குறைவு"தான் வைத்திருக்கிறேன். அதற்கேற்றபடி கேள்விகளை எண்ணெய் காயும் நேரத்துக்கும் மாவு பிசையும் நேரத்துக்கும் ஒதுக்கிவிட்டேன். கை வேலையாக இருக்கும்போது மௌனம் உறுத்தாது.

வாக்கெடுப்பு வசதியும் நல்ல உதவி. எழுதக் கூச்சப்படுகிறவர்கள்கூட விரலால் ஒரு தட்டு தட்டிவிடுவார்கள். ஆடி மாதத்தில் "கும்மாயத்துக்குக் கருப்பட்டியா, வெல்லமா?" என்று போட்டால் போதும், தட்டியவர்களில் சிலர் தாமாகவே காரணமும் எழுதத் தொடங்குவார்கள். கேள்வியை, பார்ப்பவர்கள் எழுதும் உரையாடல் பெட்டியின் மேலே ஒட்டிவைக்கவும் மறக்க மாட்டேன், நடுவில் வருகிறவர்களுக்கு அதுதான் வாசல்.

பெயரோடு ஊரையும் சேர்த்து வாசிப்பேன். நம் பக்கத்தில் "எந்த ஊரு?" என்பதுதானே முதல் கேள்வி. "கோட்டையூரிலிருந்து எழுதியிருக்காங்க" என்றால் போதும், அந்த ஊர்க்காரர் இன்னும் இரண்டு பேர் வெளியே வருவார்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலை ஏழு மணிக்கு வைத்தால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரவு ஒன்பதரை, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வருகிறார்கள். என் நாத்தனார் மகள் அங்கிருந்துதான் மட்டுறுத்துகிறாள். அசிங்கமாக எழுதுகிறவர்களை அவள் பார்த்துக்கொள்வதால் நான் வாணலியைப் பார்க்க முடிகிறது. கூட்டம் கூடினால் மெதுநிலையைப் போட்டுவிடுவாள், ஒருவரே வரிசையாக எழுதி மற்றவர்களை மூழ்கடிக்க முடியாது.

ஒரு தவறும் செய்திருக்கிறேன். கரண்ட் போய்ப் பத்து நிமிடம் வெறுமனே ஓடிய ஒரு நேரலையில், அந்தப் பகுதியை அப்புறம் வெட்டினேன். வெட்டியதும் உரையாடல் பதிவு தெரியாமல் போய்விட்டது. கந்தரப்பத்துக்கு எத்தனையோ பேர் எழுதிய வீட்டுக் கைப்பக்குவம் அதில் இருந்தது. இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. இப்போது எதையும் வெட்டுவதில்லை. முடிந்த அன்று இரவே முக்கியமான பதில்களை நோட்டில் எழுதிவைத்துவிடுகிறேன்.

எனக்கு மிகவும் வேண்டியவர்கள் வயதானவர்கள். அளவெல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் உரையாடலில் எழுத கணக்குத் திறந்து உள்ளே வர வேண்டும், அவர்கள் பேரப்பிள்ளைகளின் போனில் சும்மா பார்க்கிறவர்கள். அதனால் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லி, மறு வாரம் நேரலையில் மைக்குக்குப் பக்கத்தில் போனை வைத்துப் போட்டுக்காட்டுகிறேன். போன மாதம் ஒரு ஆச்சி அனுப்பியிருந்தார்: "நீ ஊத்துறப்போ சத்தமே வரலையே ஆத்தா, எண்ணெய் காயலை. பணியாரம் தானா எந்திரிச்சு வரணும்." அதைப் போட்டுவிட்டு, அவர் சொன்ன சூட்டில் ஒரு கரண்டி ஊற்றினேன். மாவு அடியில் போய், உடனே குப்பென்று எழும்பி ஓரமெல்லாம் மொறுமொறுவென்று விரிந்தது. உரையாடலில் அந்த ஆச்சிக்கு வந்த வாழ்த்துகளை அவருடைய பேத்தி ஒவ்வொன்றாக வாசித்துக்காட்டினாளாம்.