குகைக்குள்ள திங்கறதுக்கு கல்மண்டபம் பொரிவிளங்கா: 5க்கு 4

சென்னை ராயபுரம் பக்கம் கல்மண்டபம் மார்க்கெட் பின்னாடி சந்துல போர்டு கூட இல்லாத ஒரு பலகாரக் கடை, வீட்டு வாசல்லயே நாலு பாட்டில், ஒரு எவர்சில்வர் தாம்பாளம், அவ்ளோதான் கடை. அங்க வாங்குன பொரிவிளங்கா உருண்டைய மேகாலயா குகை வரைக்கும் தூக்கினு போயிட்டு வந்து எழுதறேன், அதனால ருசிய பத்தி கம்மியாதான் இருக்கும்.

இதுக்கு முன்னாடி ஆந்திராவுல பேலம் குகைக்கு போனப்ப பை ஃபுல்லா சாக்லேட்டும் எனர்ஜி பாரும்தான் எடுத்துட்டு போனேன். மொத்தம் 3229 மீட்டர் குகை, அதுல ஒன்றரை கிலோமீட்டர் வரைக்கும்தான் நம்மள விடறாங்க, ஆனா உள்ள இருக்கற புழுக்கத்துக்கு மே மாசம் கரண்ட் போன வண்ணாரப்பேட்டையே தேவலாம்னு ஆயிடும். வெளிய வந்து பிரிச்சா சாக்லேட் கவரோட சேர்ந்து பேஸ்ட்.

மேகாலயா கதையே வேற. ஜெயிந்தியா மலைப் பக்கம் குகைக்குள்ள ஆறே ஓடுது, மழைக்காலத்துல வெள்ளம் வந்துடும்னு குளிர்காலத்துலதான் உள்ள போவாங்க, இடுப்பளவு ஜில்லு தண்ணியில நடந்து, அப்பால தவழ்ந்து, பைய பாறை மேல தரதரன்னு இழுத்துட்டு போகணும். வாழப்பழம் கூழாயிடும், பிரெட் அப்பளம் ஆயிடும், மிக்சர் எடுத்துனு வந்த பையன் பாடுதான் பாவம், கையெல்லாம் சேறு, அதுவும் வவ்வால் எச்சம் கலந்த சேறு, அந்த கையால எப்படி அள்ளி திங்கறது? போதாததுக்கு தூள் கீழ கொட்டிச்சுன்னா கைடு அண்ணன் மொறைக்கிறாரு. அவரு மொறைக்கிறது நியாயம்தான், வெயிலே படாத எடம், அங்க இருக்கற பூச்சிங்க கொஞ்சூண்டு சாப்பாட்ட வச்சே காலத்த ஓட்டுதுங்க, நாம மிக்சர கொட்டிட்டு வந்தா அதுல பூஞ்சை பூத்து அந்த எடமே மாறிடும்.

இந்த உருண்டை உதிரவே உதிராது. வறுத்த அரிசி, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை அரைச்சு, சுக்கு ஏலக்கா போட்டு, கெட்டி வெல்லப் பாகுல புடிக்கறது, தேங்கா போடலன்னா ஈரமே இல்லாததால ரெண்டு வாரம் தாராளமா நிக்கும். ட்ரெயின்லயே ரெண்டு நாளுக்கு மேல போச்சு, ஒண்ணும் ஆவல. குளிர்ல நடுங்கினு உக்காந்திருக்கும்போது ஒண்ண வாயில அடக்கினா பத்து நிமிஷம் கரையும், அந்த சுக்கு காரம் தொண்டைல எறங்கும் பாருங்க, அதுக்கே கடைக்கார அக்காவுக்கு ஒரு கும்புடு. ஒரே அடியா வயிறு முட்ட தின்னுட்டு தவழ முடியாது, மணிக்கு ஒண்ணுன்னு தின்னுட்டே போறதுக்கு இதுதான் சரி.

இப்ப கொறைக்கு வரேன். ஒண்ணு, சைஸ். எலுமிச்சம்பழம் சைசுல கல்லு மாதிரி இருக்கு, பல்லு அடைச்சவங்க யாராவது கடிச்சா நேரா டாக்டர்தான். சின்னதா புடிச்சு குடுங்கக்கான்னு கேட்டா, "இன்னா தம்பி, நெல்லிக்கா சைசுல புடிக்கறதுக்குள்ள பாகு இறுகிடும், சூட்டோட புடிக்கணும், என் கைதான் வேகும்"னாங்க. அது உண்மைதான், உள்ளங்கை ரெண்டும் செவந்து கெடந்துச்சு. இருந்தாலும் ரெண்டு ரெண்டு கைப்பிடி மாவா பாகுல கெளறி புடிச்சு குடுத்தாங்க, கெழங்கட்டை கைதான், வேகம் இருக்கே!

ரெண்டாவது தேங்கா. பல்லு பல்லா கீறி போடறாங்க, ரெண்டு நாள் வரைக்கும் சூப்பர், முதல் தடவை வாங்கினது அஞ்சாம் நாள் சிக்கு வாடை அடிச்சு பாதி வீணாப்போச்சு. இது அவங்க தப்புன்னு சொல்ல மாட்டேன், அவங்க வீட்ல திங்க செய்யறாங்க, குகைக்கு இல்ல. ஊருக்கு எடுத்துனு போறேன் தேங்கா வேணாம்னு சொன்னா போடாம செய்வாங்க.

மூணாவது பேக்கிங், அது சுத்தமா வேஸ்ட், பழைய நியூஸ்பேப்பர்தான். நான் வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணையும் பட்டர் பேப்பர்ல மிட்டாய் மாதிரி ரெண்டு பக்கமும் முறுக்கி, வாயகன்ற பிளாஸ்டிக் ஊறுகா டப்பால போட்டு, டப்பாவ ஒரு கவர்ல கட்டிட்டேன். சேத்துக் கையோட ஒரு முனைய புடிச்சு பிரிச்சு பேப்பரோடவே வாய்க்கு கொண்டு போலாம், காலி பேப்பர் திரும்ப அதே டப்பாவுக்குள்ள.

கடலமிட்டாயும் இங்கயே வாங்கினேன், ருசி நல்லாருக்கு, ஆனா குகை ஈரத்துல பிசுபிசுன்னு கவர்ல ஒட்டினு வர மாட்டேங்குது, அத ட்ரெயினுக்கு வச்சுக்கோங்க. எள்ளுருண்டை ஓகே. நம்ம உருண்ட ஒண்ண கைடு அண்ணனுக்கு குடுத்தேன், ரொம்ப நேரம் மென்னுட்டு பதிலுக்கு வெத்தல பாக்கு நீட்டுனாரு, அங்க அத க்வாய்ங்கறாங்க.

உருண்டை பத்து ரூபா, சின்னது ஆறு ரூபா போட்டாங்க. ஜிபே கெடையாது, சில்லறை எடுத்துட்டு போங்க. சாயந்திரம் நாலு மணிக்கு மேலதான் தாம்பாளம் வெளிய வரும், சின்ன சைசு வேணும்னா ரெண்டு நாள் முன்னாடியே சொல்லணும், அதுவும் வெள்ளிக்கிழமை வேணாம், அன்னிக்கு அவங்க கோயில் ஆர்டர்ல பிசியா இருப்பாங்க, போய் நின்னா திட்டுதான் கெடைக்கும்.