கார்செட்டுக்கு எந்தப் பொம்மை?

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் மாதம் ஒருமுறை கைவினைச் சந்தையில் மேசை போட்டு, நானே தைத்த கார்செட்டுகளை, அதாவது முதுகில் நாடா கட்டி இடையை இறுக்கும் உடைகளை விற்கிறேன். மேசையில் படுத்துக் கிடக்கும் கார்செட்டை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. ஒரு பொம்மைமேல் ஏற்றியாக வேண்டும். மூன்று வகை வாங்கிப் பார்த்துவிட்டேன். கடைசியில் மிஞ்சியது பழைய பாணி அலங்காரப் பொம்மை: தலைக்குப் பதில் கடைந்த மரக் குமிழ், கீழே மூன்று கால் தாங்கி, நடுவில் துணி போர்த்திய உடல்.

துணிக்கடை ஃபைபர் பொம்மை உறுதியானது, துடைத்தால் போதும். ஆனால் முகமும் கையும் காலும் இருப்பதால், கார்செட் மட்டும் மாட்டினால் பாதி உடுத்திய ஆள் நிற்கிற மாதிரி இருக்கிறது. கூடவே பாவாடையும் தேட வேண்டும். தையல்காரர்கள் வைத்திருக்கும், திருகினால் பெரிதாகும் பொம்மை அளவு பார்க்க அருமை. காட்சிக்கு வைத்தாலோ, அதன் துண்டுகளுக்கு நடுவே உள்ள பிளவு முதுகு நாடாவின் வழியே பல்லிளிக்கிறது. தவிர, என்னுடையதன் இடை 26 அங்குலத்துக்குக் கீழே இறங்கவே இல்லை.

அந்த 26தான் விவகாரமே. கார்செட் உடம்பை மூடுவதோடு நிற்பதில்லை, சதையை இடம் மாற்றுகிறது. 28 அங்குல இடை உள்ளவர் 24 அங்குலக் கார்செட்டைப் போட்டு, பின்னால் 2 அங்குலம் விட்டு இறுக்கினால் இடை 26 ஆகும். அழுந்திய சதை மேலும் கீழும் ஒதுங்கும். அதற்கு இடம் விட்டுத்தான் மார்பையும் இடுப்பையும் அகலமாக வெட்டுகிறோம். பொம்மைக்குச் சதை ஏது? 26 அங்குலப் பொம்மையில் அதே கார்செட்டை மாட்டினால் இடை கச்சிதமாக உட்காரும். கீழ் விளிம்போ விலகி நிற்கும், மார்புப் பகுதி குழியும். பார்ப்பவர் தையல்தான் சரியில்லை என்று நினைப்பார்.

அலங்காரப் பொம்மை ஜெயித்தது இங்கேதான். உள்ளே பாலிஸ்டைரின், அதாவது தெர்மாகோல்; குண்டூசி சுலபமாக இறங்கும். ஓர் அளவு சின்னதாக, 23 அங்குல இடையோடு வாங்கினேன். மெத்தைப் போர்வைக்குள் வைக்கும் பாலியஸ்டர் பஞ்சை இடுப்பிலும் மார்பிலும் மூன்று அடுக்காகக் குண்டூசியால் குத்தினேன். ஓரங்களைக் கையால் பிய்த்து மெலிதாக்க வேண்டும். கத்தரியால் வெட்டினால் அந்த விளிம்பு வெளியே கோடாகத் தெரியும். அப்புறம் இடுப்புவரை வரும் நீள்காலுறையான பழைய டைட்ஸ் ஒன்றை மேலே இழுத்துப் போர்த்தினேன். நாடாவை இறுக்க இறுக்கப் பஞ்சு சதை மாதிரியே ஒதுங்கிக்கொடுக்கிறது.

பழைய உடைகளைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகத்தார் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். இங்கிருந்து ரயிலேறினால் கால் மணி நேரத்தில் மார்க்கெட் ஹார்பரோ. அங்கே பழைய சிமிங்டன் கார்செட் தொழிற்சாலைக் கட்டடத்திலேயே அருங்காட்சியகம் இருக்கிறது; கார்செட்டுக்குப் பதிலாகக் குழந்தைகள் அணிந்த மென்மையான உள்ளாடையான லிபர்ட்டி பாடிஸை 1908இல் கொண்டுவந்த நிறுவனம் அது. போகும்போதெல்லாம் துணியை விட்டுவிட்டு, அதற்குள் என்ன வைத்து நிரப்பியிருக்கிறார்கள் என்றுதான் குனிந்து பார்ப்பேன்.

குறைகளும் உண்டு. ஈஃபல் கோபுரமும் பிரெஞ்சுக் கையெழுத்தும் அச்சடித்த உறையை வாங்காதீர்கள், கண் அங்கேதான் போகும். வெறும் சந்தன நிறம் போதும். தாங்கி எடை குறைவு. ஸ்டீல் பட்டைகள் வைத்த கார்செட் ஏறியதும் மேல்பாரம் கூடிவிடும். காற்றடித்த ஒரு நாளில் என்னுடையது குப்புற விழுந்து, முன்பக்கத்தை மூடும் பஸ்க் என்ற கொக்கிப் பட்டை வளைந்துபோனது. இப்போது மூன்று கால்களுக்கு நடுவே ஒரு மணல் மூட்டை தொங்குகிறது. வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது, அதனால் ஆயுளைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். நாடா இறுகும் இடத்தில் இப்போதே லேசாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. அசல் பழங்காலக் காகிதக்கூழ் பொம்மையும் ஒரு நாள் வாங்க ஆசைதான். விலையைக் கேட்டதோடு சரி.

ஒன்று மட்டும். குண்டூசிகளை எண்ணிக் குத்துங்கள், எண்ணி எடுங்கள். போன முறை பதினெட்டு குத்தி பதினேழுதான் எடுத்தேன். மீதி ஒன்றை, கார்செட்டைப் போட்டுப் பார்த்த பெண்மணிதான் கண்டுபிடித்துக் கொடுத்தார்.